பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்பவர்களுக்கு, கடலுக்குள் துருவேறி நிற்கும் இரும்புத் தூண்கள் கண்ணில் படும். 1866-ல் கட்டப்பட்டு, 1952 புயலில் சிதைந்த பழைய கப்பல் துறைப் பாலத்தின் மிச்சம் அவை. அந்தத் தூண்களை அரிக்கும் அதே உப்புக்காற்றுதான், ஊருக்குள் நிற்கும் கார்களின் ஸ்டீல் வீல்களையும் அரிக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே அடித்த பெயின்ட் கொப்பளம்போல எழும்பி உரிகிறது. துருவின் மேலேயே சில்வர் பெயின்ட் அடிப்பது, ஆறாத புண்ணுக்குப் பவுடர் பூசுவதுபோலத்தான்.

இது அழகுப் பிரச்னை மட்டுமல்ல. டியூப்லெஸ் டயரில், டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டும் இடம்தான் காற்றை அடைத்து வைக்கிறது. அங்கே துரு ஏறினால், ஆணி எதுவும் குத்தாமலேயே காற்று இறங்கிக்கொண்டிருக்கும். பஞ்சர் கடையில் வீலைத் தண்ணீரில் முக்கினால், ரிம் ஓரத்தில் குமிழி வரும்.

எதைத் தேய்க்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

முதலில் டயரைக் கழற்றி, வீலை சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் மேலாகத் தூளாக உதிர்ந்து, அடியில் கெட்டியான இரும்பு தெரிந்தால் கவலையில்லை. நட் மாட்டும் ஓட்டைகளைச் சுற்றியோ, வெல்டிங் ஓரத்திலோ விரிசல் இருந்தாலும், குழி ஆழமாக விழுந்திருந்தாலும் அந்த வீல் இனி வேண்டாம். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது ஆபத்து.

படிப்படியாக...

கண்ணாடி, கையுறை, மாஸ்க் அணிந்து, கம்பி பிரஷ்ஷாலும் 80-ம் நம்பர் உப்புத்தாளாலும் தேய்க்க வேண்டும். குழிகளில் ஒட்டியிருக்கும் மிச்சத் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணைக் காப்பதும் இப்படியொரு பாஸ்பேட் படலம்தான் என்று விளக்கியவர், கான்பூர் ஐ.ஐ.டி பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம்.

கன்வெர்ட்டர் காய்ந்ததும் தூசியைத் துடைத்து, தாமதிக்காமல் பிரைமர் அடிக்க வேண்டும். தேய்த்த இரும்பை இரவு முழுக்க வெளியில் வைத்தால், கடலோரக் காற்றில் மீண்டும் செந்நிறம் படிந்துவிடும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை பிரைமர், அது காய்ந்த பிறகு இரண்டு முறை பெயின்ட். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். வெயில் காயும் நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. நட் உட்காரும் இடத்திலும், வீல் ஹப்போடு பதியும் பின்பக்கத்திலும் பெயின்ட் தடிமனாக இருக்கக் கூடாது. ஓட்டத்தில் அந்தப் பெயின்ட் நசுங்கினால் நட் தளர்ந்துவிடும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டயரைக் கழற்றி மாட்டியதால் வீல் பேலன்ஸிங்கும் அவசியம்.

நேரமில்லாதவர்கள் பட்டறையில் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பவுடர் கோட்டிங் போட்டுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும், கடற்கரைப் பக்கம் போய்வந்த வண்டியின் வீலை உள்பக்கமும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவினால்தான் பூச்சு நீடிக்கும்.

அலாய் வீல் போட்ட கார்களிலும் ஸ்டெப்னி பெரும்பாலும் ஸ்டீல்தான். நடுவழியில் டயர் பஞ்சராகும் நாள்வரை அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கியைத் திறந்து, முதலில் அதைப் பார்க்கலாம்.