வாயைக் கட்டச் சொல்பவர்களிடம் கணக்குக் கேட்போம்

‘வாயைக் கட்டு’ என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். தின்பதைக் குறை என்பது ஒன்று. பேசாதே என்பது இன்னொன்று. சர்க்கரை நோய் வந்த பெண்ணிடம் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். மருத்துவர் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரும் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளில் முடியாத அறிவுரையை இதுவரை நான் கேட்டதில்லை.

அறிவுரைக்குச் செலவில்லை. ஆய்வுக்குச் செலவு உண்டு. பெண்ணுடலை ஆராயப் பணம் ஒதுக்காதவர்கள், அந்த வெற்றிடத்தை அறிவுரையால் நிரப்புகிறார்கள். அறிவுரை பலித்தால் பெருமை சொன்னவருக்கு; பலிக்காவிட்டால் பழி கேட்டவளுக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் உருவின் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அகல் விளக்கோ கொலு பொம்மையோ, எத்தனை முடித்தார்கள் என்ற கணக்கில்தான் கூலி. எழுந்து நின்றால் எண்ணிக்கை குறையும். என் மாணவி ஒருத்தியின் அம்மா அப்படி வேலை செய்பவர். இரண்டாவது பிரசவத்தின்போது அவருக்குச் சர்க்கரை இருந்தது. “பிள்ளை பொறந்தா சரியாயிடும்” என்றார்கள். பிள்ளை பிறந்தது, அதன்பிறகு யாரும் அவரைச் சோதிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கால் விரலில் ஆறாத புண்ணோடு போனபோது அவரிடம் கேட்ட முதல் கேள்வி: “அப்படி என்னம்மா சாப்பிடுற?” காலையில் பழைய சோறு, பிற்பகல் மூன்று மணிக்கு ரேஷன் அரிசிச் சோறு, இரவில் மற்றவர்கள் சாப்பிட்டது போக மிச்சம். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். எந்த நேரத்தில், எந்தத் தெருவிளக்கின் கீழே என்று சொல்லவில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் அந்நோய் நிலையாக வரும் ஆபத்து, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவமான ஆறாவது வாரத்தில் அவளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் வருகிறாள். குழந்தையின் அட்டையைக் கேட்கிறவர்கள் தாயின் அட்டையையும் கேட்டால் என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில். எத்தனை பேருக்கு என்பது தெரிந்துவிட்டது. எப்படித் தடுப்பது என்ற கேள்வியில்தான் பெண் காணாமல் போகிறாள்.

உணவு, நடை மாற்றங்களால் நோயைத் தள்ளிப்போடலாம் என்று இந்தியாவில் முதலில் நிறுவியது, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. உலகம் மதிக்கும் ஆய்வு அது. அதில் பங்கேற்ற 531 பேரில் 421 பேர் ஆண்கள், 110 பேர் பெண்கள். கைபேசிக் குறுஞ்செய்தி வழியே நினைவூட்டினால் நோய் குறைகிறது என்று அவர்களே 2013-இல் காட்டினார்கள். செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். பங்கேற்றவர்கள் 537 பேர். 537 பேரும் ஆண்கள்.

ஆய்வாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. தொழிற்சாலை வாசலில் ஆள் சேர்த்தால் ஆண்கள் கிடைப்பார்கள். பெண்களைச் சேர்க்க வீடு வீடாகப் போக வேண்டும், இழந்த கூலிக்கு ஈடு தர வேண்டும், அவர்கள் வந்து போகும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவை எல்லாமே பணம். பணத்தைத் தருகிறவர் ‘பெண்கள் எத்தனை பேர்?’ என்று கேட்காதவரை, மலிவாகக் கிடைக்கும் உடலே மனித உடலாகிவிடுகிறது.

பெண்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த 1,601 பெண்களிடம் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 19 மருத்துவமனைகளில் நடந்து, 2022-இல் முடிவு வெளியானது. உணவு, நடை, நினைவூட்டல் எனப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தோழிகளே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். முறையாகப் பயிற்றுவித்தும் பலன் தராத அறிவுரையைத்தான் இன்று இரண்டே நிமிடத்தில் நம் தலையில் கட்டி அனுப்புகிறார்கள். பலிக்காவிட்டால் நாக்கை அடக்காதவள் என்கிறார்கள். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்ட உடலுக்கு, கடைசியாக உண்ணும் உடலுக்கு வேறு என்ன வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் நிதி வேண்டும்.

ஏழை நாட்டில் முதலில் மாத்திரை கொடுங்கள், ஆராய்ச்சி அப்புறம் என்பார்கள். மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 2023–24 நிதிநிலை அறிக்கையைப் பாருங்கள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு 89,155 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சித் துறைக்கு 2,980 கோடி. 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 21 ரூபாய், அதுவும் எல்லா நோய்களுக்கும் சேர்த்து. விரல் நுனியில் குத்தி ஒரு முறை சர்க்கரை பார்க்கும் பட்டை ஒன்றின் விலை. மருந்து நிறுவனங்கள் ஆராயட்டுமே என்றும் சொல்வார்கள். விற்கக்கூடியதை அவர்கள் ஆராய்வார்கள். ஓய்வையும் உறக்கத்தையும் குப்பியில் அடைத்து விற்க முடியாதே.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு என்ன செய்யும் என்பதை விருத்தாசலத்துக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது. வி.ஆர்.ஐ. 2 நிலக்கடலை, வி.ஆர்.ஐ. 3 முந்திரி என்று ஊர்ப் பெயரின் எழுத்துகளைச் சுமந்த ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. இந்த மண்ணுக்கு, இந்த வெயிலுக்கு எது தாங்கும் என்று முந்திரிக்காகப் பல ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்தார்கள். அந்த முந்திரியை உடைக்கும் பெண்ணின் உடலுக்கு எது தாங்கும் என்று ஆராய ஏன் மனமில்லை?

முடியாத காரியமும் இல்லை. கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும்; 140-ஐத் தொட்டால் நோய். இந்த எளிய முறையை வற்புறுத்தி நிலைநாட்டியவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு பேருந்தேறி வர வேண்டிய, மறுநாளும் கூலி இழந்து வர வேண்டிய கொடுமை இதனால் தீர்ந்தது. பெண்ணின் நாளைக் கணக்கில் எடுத்த அறிவியல் இப்படித்தான் இருக்கும். பிரசவத்தோடு அது நின்றுவிடக் கூடாது. கருப்பையில் பிள்ளை இருக்கும்வரைதான் அரசுக்கு அவள் உடல்மீது அக்கறை என்றால், அந்த அக்கறை அவளுக்கானதில்லை.

அமெரிக்காவில் 1993-இல், தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. பெண்கள் போராடி வாங்கியது அது. இங்கே நாம் கேட்க வேண்டியவை: பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு ஆய்விலும் பெண்கள் பாதியாக இருக்க வேண்டும், முடிவுகளை ஆண், பெண் எனப் பிரித்து வெளியிட வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களைப் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்குத் தனி நிதி வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் படியேறி மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு, எந்த வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறாள் என்பது தெரியும். அவர்களை ஆய்வுப் பணியாளர்களாக நியமித்து, ஊக்கத்தொகைக்குப் பதில் ஊதியம் கொடுங்கள்.

ஒரு பிரதியில் பேசப்படாதவள் யார் என்று தேடச் சொல்லி வகுப்பில் பாடம் நடத்துகிறேன். நிதிநிலை அறிக்கையும் ஒரு பிரதிதான். அடுத்த பிப்ரவரியில் அது வெளியாகும்போது வரிவரியாகப் படியுங்கள். உங்கள் அம்மாவின் கால் விரல் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள், வாயைக் கட்டாமல்.