புளோரன்ஸ் வீதிகளில் மூலமும் பிரதியும்

இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரின் கலைச்செல்வங்களைக் கால்நடையாக அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டிகள் அநேகர் உளர். பழைய நகரம் சிறியது. பேராலயத்திலிருந்து பழைய அரண்மனைக்கு மெதுவாக நடப்பினும் பத்து நிமிடம் போதும். ஆயினும், அந்தப் பத்து நிமிட வழியிலே உல்லாசப் பிரயாணிகள் வியந்து படம்பிடித்துக்கொள்ளும் பொருள்களிற் பல, மூலங்கள் அல்ல, பிரதிகள். வழிகாட்டிகள் சிலர் இதனை மெல்லச் சொல்லி நகர்ந்துவிடுவர். கேட்டவருட் சிலர் ஏமாற்றப்பட்டவர்போல் முகஞ் சுளிப்பர். அந்தச் சுளிப்பு நியாயந்தானா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பேராலயத்துக்கு எதிரேயுள்ள ஞானஸ்நான மண்டபத்தின் கிழக்குக் கதவிலே தொடங்குவோம். லொறென்சோ கிபேர்ட்டி என்னும் சிற்பி 1425இல் ஏற்று 1452இல் முடித்த வேலை அது. பழைய ஏற்பாட்டுக் கதைகளைப் பத்துப் பலகைகளில் வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசினார். ஒரு கதவுக்கு இருபத்தேழு ஆண்டுகள்! 'சுவர்க்க வாயில்' என்று அதற்குப் பெயரிட்டவர் மைக்கலாஞ்சலோ என்பது வழிவழி வந்த செய்தி. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி ஆர்னோ நதி பெருக்கெடுத்து நகருட் புகுந்தபோது, நீரின் வேகத்தாற் பலகைகள் சில பெயர்ந்து விழுந்தன. இன்று வாயிலில் நிற்பது 1990இல் வைத்த பிரதி. நெடுங்காலம் செப்பனிடப்பெற்ற மூலக் கதவு, 2012 முதல் பேராலயத்து நூதனசாலையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. முன்னிற்கும் உருவங்கள் திரண்டு புடைக்க, தூரத்து மரங்களும் மாளிகைகளும் நகத்தாற் கீறியதுபோல் மெலிந்து மறையும் நுட்பத்தை, தெருச் சந்தடியில் நின்று யார் காண்பார்? கதவைப் பொறுத்தவரை இடமாற்றம் இலாபமே என்பது நம் கருத்து.

சிலைகளின் கதை வேறு. அரண்மனைக்குப் போகும் வழியில் ஓர்சன்மிக்கேலே என்னும் ஆலயம் உண்டு. முன்னர் தானியச் சந்தையாக விளங்கிய கட்டடம் அது. அதன் வெளிச்சுவர் மாடங்களில், நகரத்துத் தொழிற்குழுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் காவற் புனிதருக்குச் சிலை நிறுவின. துணி வணிகர் தொனத்தெல்லோவிடம் புனித மாற்குவின் சிலையைச் செய்வித்தனர். கலைஞர் சரித்திரம் எழுதிய வசாரி சொல்லும் கதையைக் கேளுங்கள். நிலத்தில் வைத்துப் பார்த்த வணிகர், அளவு பொருந்தவில்லை என்று சிலையை ஏற்க மறுத்தனராம். மாடத்தில் ஏற்ற விடுங்கள், அங்கே திருத்தித் தருகிறேன் என்றாராம் சிற்பி. ஏற்றித் திரையிட்டு, பதினைந்து நாள் உளியைத் தொடாமலே இருந்து, பின்னர்த் திரையை நீக்க, வணிகர் புகழ்ந்து தள்ளினராம். இப்போது அந்தச் சிலை மேல்மாடி நூதனசாலையில், மாடத்திற் பிரதி. சிலையின் முகத்தை மேலே காணலாம். வணிகர் எதனைக் கண்டு மனம் மாறினர் என்பதைத் தெருவில் நின்று அண்ணாந்தாற்றான் அறியலாம்.

இனி, அரண்மனை வாயிலில் நிற்கும் தாவீது. மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய இச்சிலை ஐந்து மீற்றருக்கு மேல் உயரமானது. பேராலயத்தின் உச்சியில் வைக்கவென ஒப்பந்தம்; முடித்துப் பார்த்தபோதோ, மேலே ஏற்ற எவருக்கும் மனம் வரவில்லை. எங்கே வைப்பதென்று ஆராய 1504 ஜனவரியிற் கூடிய சபையில் லியனார்டோ டா வின்சியும் பொத்திச்செல்லியும் இருந்தனர். சலவைக்கல் பலவீனமுற்றது, வெயில் மழை ஆகாது, கூரையுள்ள மண்டபத்தில் வையுங்கள் என்றார் சங்கல்லோ என்னும் கட்டடக் கலைஞர். லியனார்டோவும் அதனை ஆதரித்தார். ஆனாற் சிலை வெளியிலேயே வைக்கப்பட்டது. மெடிச்சி குடும்பத்தாரைத் துரத்திக் குடியாட்சி கண்ட நகரத்துக்கு, கவண் ஏந்தி அரக்கனை வென்ற இளைஞன் வாயிலில் நிற்பது அவசியமாயிருந்தது போலும். 1527ஆம் ஆண்டுக் கலகத்திற் சிலையின் இடக்கை உடைந்தது. சங்கல்லோவின் அச்சம் 1873இற்றான் மதிக்கப்பட்டது. சிலை அக்கதமியா நூதனசாலைக்குப் போயிற்று. 1910இற் பழைய இடத்திற் பிரதி நின்றது.

நூதனசாலையில் நிற்பது அழகன். சதுக்கத்தில் நிற்பது காவலன். முன்னதில் உளி பட்ட சுவடு உண்டு. பின்னதில் அந்தச் சிலை ஏன் எழுந்தது என்ற காரணம் உண்டு. ஒன்றைக் கண்டவர் பாதியையே கண்டவர். ஆதலால் பிரதியைக் கண்டு முகஞ் சுளிப்போர் பக்கம் நாம் சேர முடியாது.

உள்ளே வைத்தால் ஆபத்தில்லை என்று கருதுவதும் பிழை. சாந்தா குரோச்சே ஆலயத்து நூதனசாலையுள் இருந்த சிமபூவேயின் சிலுவை ஓவியம், மேற்சொன்ன வெள்ளத்தில் தன் வர்ணத்திற் சுமார் அறுபது வீதத்தை இழந்தது. செல்லினி வார்த்த பெர்சியுஸ் வெண்கலச் சிலையோ 1554 முதற் சதுக்கத்து மண்டபத்திலேயே காட்சி தருகிறது.

பெயர்த்துச் செல்லாது, பிரதியும் வையாது, செய்த இடத்திலேயே இருக்கும் ஒன்றையும் காணவேண்டாமா? ஆற்றைக் கடந்தாற் கார்மினே ஆலயம். அதனுள்ளே பிரன்காச்சி சிற்றாலயம். 1771இல் எழுந்த தீ ஆலயத்தைப் பெரிதும் அழித்தும் இச்சுவர்கள் தப்பின. இருபத்தேழு வயதளவில் மறைந்த மசாச்சியோ தீட்டிய 'வரிப்பணம்' இடப்புறச் சுவரில் உள்ளது. படத்தில் வெளிச்சம் வலமிருந்து வர, சீடர்களின் நிழல் இடப்புறம் சாய்கிறது. வலப்பக்கத்தே, பலிபீடத்துக்கு மேல், மெய்யான சாளரம் இருக்கிறது. ஒரே வேளையில் சிலரையே உள்ளே விடுவதால் முன்னரே அனுமதி பெறுவது நன்று. வழிகாட்டியின் கூட்டம் பெரும்பாலும் ஆற்றின் இக்கரையிலேயே கலைந்துவிடும். சதுக்கத்திலிருந்து தனியே நடந்தாற் பதினைந்து நிமிடம்.