பூணூலுக்கு ஒரு நீதி, முக்காட்டுக்கு ஒரு நீதி

அந்தமானுக்கு விமானத்தில் செல்லும் பயணி தரையிறங்கும் இடத்தின் பெயர் வீர் சாவர்க்கர் சர்வதேச விமான நிலையம். வாஜ்பாய் ஆட்சிக் காலத்தில், 2002-இல் சூட்டப்பட்ட பெயர் அது. நகரத்தின் பெயரையும் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரிலிருந்து ஸ்ரீவிஜயபுரம் என்று மோடி அரசு மாற்றிவிட்டது. செல்லுலார் சிறை என்றாலே சாவர்க்கர் என்று இளம் தலைமுறையின் மனதில் பதியவைக்கும் வேலை கால் நூற்றாண்டாகத் தொய்வின்றி நடந்துவருகிறது. ஆனால் அதே சிறையில், தன் மார்பிலிருந்து பறிக்கப்பட்ட பூணூலுக்காகப் பட்டினி கிடந்து உயிர்விட்ட ஒரு மனிதர் உண்டு. அவருடைய பெயரை சங் பரிவாரத்தின் மேடைகளில் கேட்க முடிவதில்லை.

அவர் பெயர் ராம் ரக்கா பாலி. பஞ்சாபைச் சேர்ந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் கதர் இயக்கத்தின் வேலைகளுக்காகப் பர்மாவில் கைதாகி, மாண்டலே சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டவர். செல்லுலார் சிறைக்குள் நுழையும் பிராமணக் கைதியின் பூணூலைக் கழற்றிவிடுவது அங்கிருந்த விதி. ராம் ரக்கா மறுத்தார். பூணூல் பலவந்தமாக அகற்றப்பட்டது. அது திரும்பக் கிடைக்கும்வரை உணவைத் தொடமாட்டேன் என்று அவர் அறிவித்தார். சில நாட்கள் பொறுத்த சிறை நிர்வாகம், பிறகு தன் வழக்கப்படி குழாய் வழியே உணவைச் செலுத்தத் தொடங்கியது. மாதக்கணக்கில் இது நீடித்தது. உடல் தேய்ந்து, நோய் பற்றி, அந்தச் சிறையிலேயே அவர் மாண்டார்.

அவரோடு சிறையிலிருந்த வங்கப் புரட்சியாளர் உபேந்திரநாத் பந்தோபாத்யாய தமது நினைவுக்குறிப்புகளில் ராம் ரக்காவை ஆசாரம் மிகுந்த வைதிகராகக் காட்டவில்லை. சீனா, ஜப்பான் என்று கடல் கடந்து சுற்றியவர் அவர். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலத்தில் அப்படிச் சுற்றியவர். அந்த நூலிழை அவருக்குப் புனிதமாக இருந்ததோ இல்லையோ, அதை அறுக்கும் அதிகாரம் வெள்ளைக்காரச் சிறை அதிகாரிக்கு இல்லை என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார்.

கழற்றுவதில் காட்டிய அக்கறையை மாட்டுவதிலும் அந்தச் சிறை காட்டியது. ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் ஒரு மரவில்லை தொங்கவிடப்பட்டது. கைதியின் எண், தண்டனைப் பிரிவு, தண்டனை விதிக்கப்பட்ட நாள், விடுதலையாகும் நாள் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அபாயகரமானவர் என்று நிர்வாகம் கருதிய கைதிக்குக் கூடுதலாக 'டி' என்ற ஆங்கில எழுத்து. சாவர்க்கரின் கழுத்திலும் அந்த வில்லை தொங்கியது. அவருடைய எண் 32778, விடுதலை ஆண்டு 1960. 1911-இல் அங்கு வந்தவர், அதே ஆண்டிலேயே கருணை மனு எழுதினார், 1913-இலும் எழுதினார், பிறகும் எழுதினார். 1921-இல் தாயகத்துச் சிறைக்கு மாற்றப்பட்டு, அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற நிபந்தனையோடு 1924 ஜனவரியில் வெளியே வந்தார். மனு எழுதியவரின் பெயரில் விமான நிலையம் இருக்கிறது.

இந்து அடையாளத்துக்காக ஏகாதிபத்தியச் சிறையில் செத்த ஒரு பிராமணப் புரட்சியாளரின் கதையை ஆர்எஸ்எஸ் ஏன் கொண்டாடவில்லை? கதர் இயக்கம் மத அடையாளத்தை அரசியலுக்கு வெளியே நிறுத்திய இயக்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் சங்கடமானது. ராம் ரக்காவின் கோரிக்கையை ஒப்புக்கொண்டால், உடல்மேல் அணிந்ததைப் பறிக்க அரசுக்கு உரிமையில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டபின் உடுப்பி மாணவியின் தலை முக்காட்டை என்ன செய்வது?

கர்நாடகத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2021-இன் இறுதியில் உடுப்பி அரசு மகளிர் பியூ கல்லூரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிற கல்லூரிகளில் காவித் துண்டு போர்த்திய கும்பல்கள் திரட்டப்பட்டன. 2022 பிப்ரவரி 5 அன்று அன்றைய பாஜக அரசு சீருடை பற்றிய ஆணையை வெளியிட்டது. மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சீருடை சமத்துவத்தின் சின்னம், கல்விக்கூடத்துக்குள் மதத்துக்கு இடமில்லை என்றெல்லாம் பாஜக தலைவர்கள் அப்போது பேசினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், அதே மாநிலத்தின் பொது நுழைவுத் தேர்வில் பீதர், சிவமொக்கா மையங்களில் பூணூலைக் கழற்றும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. மறுத்த பீதர் மாணவர் கணிதத் தேர்வை எழுத முடியாமல் திரும்பினார். பாஜக கொதித்தெழுந்தது. இந்து விரோதக் காங்கிரஸ் அரசு என்று முழங்கியது. கல்விக்கூடத்துக்குள் மதத்துக்கு இடமில்லை என்ற 2022-ஆம் ஆண்டுத் தத்துவம் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை.

பீதர் மாணவருக்கு நேர்ந்தது அநீதிதான். இதைச் சொல்வதற்கு இடதுசாரிகள் தயங்கத் தேவையில்லை. சம்பந்தப்பட்ட ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதும், இழந்த வாய்ப்புக்கு ஈடு செய்ய அரசு முன்வந்ததும் சரியே. உடுப்பி மாணவிகளுக்காக அப்படி எந்த அதிகாரியும் பதில் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

இங்கே சில தோழர்களுக்கு ஒரு மனத்தடை எழுவது இயல்பு. பூணூல் வெறும் நூலல்ல. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு. அதை அணியும் ஒவ்வொரு நாளும் அணியாதவனை, அணிய அனுமதிக்கப்படாதவனை அது இழிவுபடுத்துகிறது. சுயமரியாதை இயக்கம் நடந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க ராம் ரக்காவுக்காகக் கம்யூனிஸ்டுகள் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?

சோசலிசமும் மதமும் குறித்து 1905-இல் லெனின் எழுதிய கட்டுரை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அரசைப் பொறுத்தவரை மதம் தனிநபரின் சொந்த விஷயமாக இருக்க வேண்டும். கட்சியைப் பொறுத்தவரை அப்படி இருக்க முடியாது என்பது அதன் சாரம். அரசு எவர் கழுத்திலும் கைவைக்கக் கூடாது. கட்சியோ அந்தக் கழுத்தில் தொங்குவது என்ன, அது யாருக்குச் சேவை செய்கிறது என்று மக்களிடம் ஓயாமல் பேசியாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால், சிறை அதிகாரியின் பக்கமோ புரோகிதரின் பக்கமோ போய் நிற்க நேரும்.

தமிழ்நாடு 2015-இல் இதையெல்லாம் ஒரே இரண்டு மாதங்களில் கண்டது. பெண்களுக்குத் தாலி தேவையா என்று விவாதிக்கும் நிகழ்ச்சியை மகளிர் தினத்தை ஒட்டி ஒளிபரப்பவிருந்த புதிய தலைமுறை தொலைக்காட்சியின் ஊழியர்கள் தாக்கப்பட்டார்கள். மார்ச் 12 அன்று அதன் அலுவலகத்தின்மீது குண்டு வீசப்பட்டது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை. அடுத்து, ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளில் பெரியார் திடலில் தாலி அகற்றும் நிகழ்ச்சியைத் திராவிடர் கழகம் அறிவித்தது. காவல்துறை தடை விதித்தது, உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அனுமதித்தார், அரசு மேல்முறையீட்டுக்கு ஓடியது. இரு நீதிபதிகள் அமர்வின் தடை வருவதற்குள் அதிகாலையிலேயே பெண்கள் தங்கள் தாலியைத் தாங்களே கழற்றிவிட்டார்கள். தன் கழுத்திலிருந்து தானே கழற்றுவதைவிடத் தூய கருத்துரிமை வேறென்ன? அதில் யாருடைய உடலும் தீண்டப்படவில்லை, யாருடைய வாயிலும் கதவு அடைக்கப்படவில்லை. ஆனாலும் 'உணர்வு புண்பட்டது' என்றார்கள்.

அதே ஏப்ரலில் சென்னையில் முதியவர் சிலரின் பூணூலைச் சிலர் வழிமறித்து அறுத்தார்கள். பெரியார் திடலில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. தெருவில் தனியாகப் போகும் கிழவரின் மார்பில் கைவைப்பது சாதி எதிர்ப்பு ஆகாது. செல்லுலார் சிறையின் வார்டர் செய்த வேலையைச் சொந்த விருப்பத்தில் செய்வது அது. எதிரிக்கு ஒரு தியாகியையும், தாலி அகற்றிய பெண்கள்மீது வீச ஒரு கல்லையும் அது கொடுத்தது.

அப்படியானால் பள்ளி மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு? அதுவும் அணிபவரின் உரிமைதானே என்று இன்று கேட்பவர்கள் அதே பாஜகவினர். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை இந்த வண்ணக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியபோது எச்.ராஜா எதிர்த்தார், அன்றைய அதிமுக அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தில் பாஜக உறுப்பினர் அந்த அறிக்கையின் நகலைக் கிழித்தெறிந்தார்.

சாதிக் கயிறு வழிபாட்டுப் பொருளல்ல. வகுப்பறையில் யார் எந்தச் சாதி, யாரோடு யார் உட்கார வேண்டும், யாரை அடிக்க வேண்டும் என்று அறிவிக்கும் கொடி அது. அந்தமான் கைதியின் கழுத்து வில்லையைப் போன்றது, ஒரு வேறுபாட்டோடு: இங்கே 'டி' எழுத்து கயிறு கட்டாதவன்மீது விழுகிறது. ஹிஜாபைத் தடுத்தால் பலவீனமான சமூகத்தின் பெண் வகுப்பிலிருந்து வெளியேறுகிறாள். கயிற்றைத் தடுத்தால் பலவீனமான சமூகத்தின் சிறுவன் அச்சமின்றி வகுப்புக்குள் நுழைகிறான். இரண்டும் துணிதானே, இரண்டும் நூல்தானே என்று சமன்செய்யும் வாதத்துக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஆனால் கயிறுக்கு எதிராகவும் ஆசிரியரின் பிரம்பு போதாது. கயிறு கட்டும் சிறுவனைச் சாதிச் சங்கத்தின் கையிலிருந்து மீட்க மாணவர் சங்கமும் வாலிபர் சங்கமும் அந்தந்த ஊரில் வேலை செய்தாக வேண்டும்.

செல்லுலார் சிறையில் ராம் ரக்காவுக்குப் பின்னும் பட்டினிப் போராட்டங்கள் நடந்தன. 1933 மே மாதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் பலவந்தமாகப் பால் செலுத்தப்பட்டதன் விளைவாகச் செத்தார்கள்; உடல்கள் கடலில் வீசப்பட்டன. அவர்கள் கேட்டது ஒழுங்கான உணவு, விளக்கு, படிக்கப் புத்தகம், பத்திரிகை. அந்தப் புத்தகங்கள் வந்தபின் 1935-இல் அதே கொட்டடிகளில் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு உருவானது. பூணூலோடு வந்தவர், தொழுகைத் தொப்பியோடு வந்தவர், தலைப்பாகையோடு வந்தவர் எல்லாரும் அதில் மார்க்ஸைப் படித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தம் அடையாளங்களைப் பிறகு தாமே விட்டார்கள் என்பது வேறு கதை; எவரிடமிருந்தும் அது பறிக்கப்படவில்லை.

ஹிஜாப் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் 2022 அக்டோபர் 13 அன்று மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா அதை ரத்துசெய்தார், அந்தப் பெண்ணின் கல்வியே தன் முன்னுள்ள முதல் கேள்வி என்று கருதினார். வழக்கு பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது. தேர்வுக்கூட வாசலிலிருந்து திரும்பிய மாணவிகளுக்கு அதற்குள் அந்தக் கல்வியாண்டு முடிந்துபோயிருந்தது.