விருந்தினரா, வேடிக்கை பார்ப்போரா?



காண்பதற்காகப் பயணம் செல்வோர் பலர். சந்திப்பதற்காகச் செல்வோர் சிலர். இவ்விரண்டுக்கும் இடையே எத்துணை தொலைவு உண்டு என்பதை, ஐம்பது வயதைக் கடந்த பின்னர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனோடு சேர்ந்து நாமும் கற்க நேர்ந்தது.

நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியில் வாழ்ந்து வருகிறது. தந்தை பொறியாளர். அவரும், அவர் துணைவியாரும், மகனும் மகளும், ஊரிலிருந்து சென்றிருந்த பாட்டியும் ஆகஸ்டு மாதத்தில் மசாய் மாரா வனவிலங்குப் புகலிடத்துக்குப் புறப்பட்டபோது, அங்கே விருந்தினராக இருந்த நம்மையும் உடன் அழைத்துச் சென்றனர். இத்தகைய பயணத்தைச் 'சபாரி' என்கின்றனர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள்.

நைரோபியை விட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சென்றதும், நிலம் திடீரெனப் பிளந்து இறங்குகிறது. அதுவே புகழ்பெற்ற பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. கீழே லொங்கோனாட் எரிமலை. அதைச் சுற்றி அகன்று கிடக்கும் சமவெளி. சரிவின் அடியில், இரண்டாம் உலகப் போரில் கைதிகளாகி அச்சாலையை அமைத்த இத்தாலியர் கட்டிய சிற்றாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. மேலே நின்று நாம் அனைவரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பள்ளத்தாக்கு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.

மாராவில் கண்டவற்றை முழுதும் எழுத இப்பக்கம் போதாது. வில்டபீஸ்ட் என்னும் விலங்கு மாட்டைப் போன்ற கொம்பும், குதிரையைப் போன்ற வாலும் உடைய மான் இனம். ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்டுகள், வரிக்குதிரைகளும் சிறுமான்களும் துணைவர, மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் வட்டமிடுகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் தான்சானியாவின் தென் செரங்கெட்டியில் கன்று ஈன்று, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாராவை வந்தடைகின்றன. நாட்டின் எல்லைக்கோடு அவற்றுக்கு ஒரு பொருட்டன்று.

மாரா ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மறுகரையில் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்ற மந்தை நீர் அருகே வருவதும், அஞ்சிப் பின்வாங்குவதுமாக இருந்தது. இறுதியில் ஒன்று குதித்தது. அவ்வளவுதான்; மண் சரிய, நீர் கலங்க, அனைத்தும் பாய்ந்தன. முதலை ஒன்றை இழுத்துச் சென்றதையும் கண்டோம். கரையேறிய கன்று ஒன்று தாயைக் காணாமல் கதறியவாறு இங்குமங்கும் ஓடியது. ஓயாமல் பேசிவந்த பிள்ளைகள் அப்போது வாய் திறக்கவில்லை.

மாலையில் மர நிழலில் படுத்திருந்த சிங்கக் குடும்பத்தைக் கண்டோம். எங்கள் வண்டியோடு ஒன்பது வண்டிகள் அவற்றைச் சூழ்ந்து நின்றன. பாட்டி மெல்ல, "பாவம் சாமி, அதுங்க நிம்மதியாக் கண்ணசரக்கூட விட மாட்டேங்கிறாங்களே" என்றார். நாம் சிரித்தோம். மறுநாள் அச்சொல் வேறு பொருளில் நமக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில், புகலிடத்தின் எல்லைக்கு வெளியே இருந்த மசாய் மக்களின் குடியிருப்புக்குச் சென்றோம். முட்கிளைகளால் வட்டமாக அமைந்த வேலி. அதனுள் தாழ்ந்த குடில்கள். நடுவில் இரவில் மாடுகளை அடைக்கும் தொழுவம். குச்சிகளை வளைத்துக் கட்டி, மண்ணும் சாணமும் பூசி, குடில்களை எழுப்புவோர் பெண்களே. குனிந்து உள்ளே நுழைந்த பாட்டி சுவரைத் தடவிப் பார்த்து, "நம்ம வீட்டு வாசம்" என்றார். வீட்டுக்காரப் பெண்ணுக்கு மொழி விளங்கவில்லை. ஆயினும் மகிழ்ச்சி விளங்கியது.

சிறுவர் சிலர் நம்மிடம் வந்து, ஒன்றும் பேசாமல் தலை கவிழ்ந்து நின்றனர். என்ன வேண்டுகின்றனர் என்று விளங்காமல் திகைத்தோம். மூத்தோர் முன் பிள்ளைகள் தலை தாழ்த்துவதும், மூத்தோர் அத்தலையைத் தொட்டு வாழ்த்துவதும் மசாய் முறை என்று வழிகாட்டியாகிய மசாய் இளைஞர் விளக்கினார். நாளும் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசி வழங்கும் நாமே அதை உணராது நின்றோமே என்று நாணினோம்.

அவ்வேளை முதியவர் ஒருவர், நம் சிறுவனை வாழ்த்தும் பொருட்டுக் கை நீட்டியவாறு வந்தார். சிறுவனோ கேமராவை உயர்த்தி, அந்தக் கையைப் படம் பிடித்தான். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தாயார் கேமராவைத் தாழ்த்தி, "குனிந்து கொடு, தம்பி" என்றார். அவன் தலை கவிழ்ந்தான். முதியவர் அவன் தலையைத் தொட்டுப் புன்னகைத்தார்.

சிறுவனை மட்டும் குறை கூறுதல் முறையன்று. நாம் அம்முதியவரிடம், "இத்தனை விலங்குகளுக்கு நடுவே வந்து குடியேற அச்சமாக இல்லையா?" என்று கேட்டோம். வழிகாட்டி அதை மொழிபெயர்த்ததும் முதியவர் நகைத்தார். "நாங்கள் குடியேறவில்லை. விலங்குகளும் நாங்களும் இங்கேதான் இருந்தோம். எல்லைக்கல்தான் பின்னர் வந்து குடியேறியது" என்பது அவர் மறுமொழி.

அதன் உண்மையைப் பின்னர்க் கற்றறிந்தோம். நாம் வியந்து படம் எடுத்த பள்ளத்தாக்கில் மாடு மேய்த்தவர்கள் மசாய் மக்களே. 1904-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, வெள்ளையர் குடியேறுவதற்காக அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். வடக்கே லைக்கிப்பியாவில் அளிக்கப்பட்ட நிலமும் 1911-ஆம் ஆண்டின் மற்றோர் ஒப்பந்தத்தால் பறிபோயிற்று. வழக்குத் தொடுத்தும் பயனில்லை. தான்சானியாவில் 1959-ஆம் ஆண்டு, செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்காக அங்கிருந்த மசாய் மக்கள் கோரங்கோரோவுக்கு அனுப்பப்பட்டனர். 2022-ஆம் ஆண்டிலும் லோலியாண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு எல்லை குறிக்க முற்பட்டபோது மோதல் மூண்டு, பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினர்.

இதில் வியப்பு யாதெனில், விலங்குகள் அங்கே எஞ்சியிருப்பதற்கு இம்மக்களின் வாழ்க்கை முறையும் ஒரு காரணம். மாடே அவர்களுடைய செல்வம். பொதுவாகக் காட்டு விலங்கின் இறைச்சியை உண்பது அவர்கள் வழக்கமன்று. மற்றொன்றும் கேளுங்கள். 1890-களில் வெக்கை நோய் பரவி அவர்களுடைய மாடுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது, பஞ்சமும் தொடர்ந்தது. வில்டபீஸ்டுகளும் அந்நோயால் மடிந்தன. பிற்காலத்தில் வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதும், காட்டு மந்தையிலிருந்தும் நோய் நீங்கிற்று. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்டுகள், 1970-களின் பிற்பகுதியில் 13 லட்சமாகப் பெருகின. ஆயனின் மாடு நலம் பெற்றது. காடும் நலம் பெற்றது.

அவர்களைக் குறையற்றவராகக் காட்டுவது நம் கருத்தன்று. இரவில் சிங்கம் ஒரு பசுவைக் கொன்றால் ஒரு குடும்பத்தின் செல்வம் குறைகிறது. சினம் கொண்டு ஈட்டி எடுத்தோரும் நஞ்சு வைத்தோரும் உண்டு. எனினும் 2007-ஆம் ஆண்டு முதல், அம்போசலிப் பகுதியில் அம்மரபின் இளைஞர்களே ஊதியம் பெற்றுச் சிங்கங்களின் காவலராய்ப் பணியாற்றுகின்றனர். மாராவைச் சுற்றிலும் நில உரிமையாளராகிய மசாய் குடும்பங்கள் தம் நிலத்தை விலங்குகளுக்காக விட்டுக்கொடுத்து வாடகை பெறுகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பயணிகள் வரவு நின்றபோது அவ்வருவாயும் தளர்ந்தது. வருவோரின் பணம் அவர்களுக்குத் தேவை. ஆனால் பணம் கொடுத்ததனாலேயே மனிதரைக் காட்சிப்பொருளாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

இதையும் நாம் தாமதமாகவே உணர்ந்தோம். பெண்கள் தாம் கோத்த மணிமாலைகளை விரித்து வைத்திருந்தனர். நாம் சந்தை வழக்கப்படி பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாட்டியோ ஒரு மூதாட்டியின் அருகே தரையில் அமர்ந்து, ஊசியை வாங்கி, மணி கோக்கத் தொடங்கிவிட்டார். இருவருக்கும் கண்பார்வை சரியில்லை. ஊசித் துளை அகப்படாமல் இருவரும் மாறி மாறிச் சிரித்தனர். நாம் பேரத்தை நிறுத்தி, கேட்ட விலையைக் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் அதே பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டி நின்றது. சிறுவன் கேமராவை எடுக்கவில்லை. "சாமி, அந்தத் தாத்தாவின் மாடுகள் முன்பு இங்கேதான் மேய்ந்தனவா?" என்று கேட்டான். அவருடைய முன்னோரின் மாடுகளாக இருக்கலாம் என்றோம். அவன் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோரே, விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை மலைக்கோ காட்டுக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அங்கே வாழ்வோரைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்லவும், பெயரைக் கேட்கவும் பழக்குங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். நீட்டிய கை ஒன்று காத்திருக்கும்போது, நம் கையில் வேறொன்றும் இருத்தலாகாது.