மீட்டிங்குக்கு வராவிட்டாலும் பரவாயில்லை! அலுவலகமே இல்லாத கிட்லாப் எப்படி இயங்குகிறது?

2011. உக்ரைனில் டிமித்ரோ ஸபொரோஷெட்ஸ் என்ற மென்பொருள் இளைஞர் குடியிருந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. வெளியே போய்த்தான் எடுத்து வர வேண்டும். ஆனால், அதைவிட அவரைப் படுத்தியது வேறொன்று. குழுவாகச் சேர்ந்து புரோகிராம் எழுத நல்ல வசதி இல்லை. அதற்காக அவரே உருவாக்கியதுதான் கிட்லாப். நெதர்லாந்தைச் சேர்ந்த சிட் சிப்ராண்டி கைகோக்க, 2014-ல் அது நிறுவனமானது.

இருவரும் இருந்தது வேறு வேறு நாடுகளில். அந்தப் பழக்கமே நிறுவனத்தின் அடையாளமாகிவிட்டது. ஒருகட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலுவலகம் போட்டார்கள். ஊழியர்கள் சில நாள் வந்தார்கள், பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை! 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்தபோதும் அலுவலகம் என்று ஒன்று இல்லை.

ஊழியர்கள் பல நாடுகளில் இருந்தால் மீட்டிங் எப்படி? சான் ஃபிரான்சிஸ்கோவில் கோடைக்காலக் காலை 9 மணி என்றால், இந்தியாவில் இரவு 9.30. ஒருவருக்கு வேலை தொடங்கும் நேரம், இன்னொருவருக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரம். 'எல்லோரும் வந்தே ஆக வேண்டும்' என்றால், தினமும் யாராவது ஒருவர் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதுதான்.

கிட்லாப் கண்ட வழி, எழுதிவைப்பது. எதைப் பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதாமல் மீட்டிங் கிடையாது. வர முடியாதவர் தன் கேள்வியை அதே பக்கத்தில் எழுதிவைக்கலாம். பேசுவதை அங்கேயே குறித்துக்கொள்வார்கள், வீடியோவாகவும் பதிவு செய்வார்கள். தூங்கி எழுந்தவர் காலையில் படித்து, பதில் எழுதினால் போதும். வராததால் அவர் கருத்து விட்டுப்போகாது. அரை மணி நேர மீட்டிங்கை 25 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அடுத்ததற்கு ஓடுவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாமே! நடுவில் குழந்தை கேமரா முன்னால் எட்டிப்பார்த்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

விடுப்பு முதல் வேலை விதிகள்வரை பலவும் ஒரு கையேட்டில் இருக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. வீடே அலுவலகமானால், வேலை எப்போது முடிகிறது என்பதே தெரியாது. கொரோனா காலத்தில் அது இன்னும் கூடியது. 2020-ல், மாதம் ஒருநாள் எல்லோரும் வேலையை மூடிவைத்து குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருக்க வேண்டும் என்று 'குடும்பம், நண்பர்கள் தினம்' கொண்டுவந்தார்கள். வேலையே பேசாமல், சும்மா அரட்டையடிக்க வீடியோவில் 'காபி சாட்'டும் உண்டு.

'வீட்டிலிருந்து வேலை' என்று அறிவித்துவிட்டு, காலை முதல் இரவுவரை வீடியோ மீட்டிங்கில் உட்காரவைத்தால் அலுவலகம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த மீட்டிங்குக்கு அழைப்பு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்... இதை நாலு வரியில் எழுதி அனுப்பினால் போதாதா?