கிளம்பிய கார்களும் வீடு சேர்ந்த கார்களும்



மாதம் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்து சேருவது கார் கம்பெனிகளின் விற்பனை அறிக்கைகள்தான். ஒன்றாம் தேதி காலையிலேயே வரத் தொடங்கிவிடும். நன்றாக விற்ற கம்பெனி மொத்த எண்ணிக்கையைத் தலைப்பில் போடும். உள்நாட்டில் சரிந்த கம்பெனி ஏற்றுமதியைப் போடும். அதுவும் சரிந்திருந்தால் இருக்கவே இருக்கிறது எஸ்யூவியின் பங்கு. எந்த மாதமும் யாரும் தோற்றதாக நான் படித்ததில்லை. 2020 ஏப்ரல் மட்டும் விதிவிலக்கு. ஊரடங்கால் அந்த மாதம் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை என்று மாருதி சுஸுகியே அறிவித்தது.

சென்ற இதழின் விற்பனைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சந்தை வளர்கிறது, வளர்கிறது என்று போடுகிறீர்கள். மாதக் கடைசி ஆனால் எங்கள் ஊர் ஷோரூமிலிருந்து போன் மேல் போன். 'சார், முப்பதாம் தேதிக்குள் எடுத்தால் இன்னும் குறைக்கிறோம்' என்கிறார்கள். நன்றாகப் போகிற சரக்குக்கு எதற்கு இத்தனை தள்ளுபடி?"

நியாயமான கேள்வி. ஒன்றாம் தேதி அறிக்கையில் 'விற்பனை' என்று இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. டீலர் பெயரில் பில் போட்டதும் கம்பெனிக்கு அது விற்பனை. அந்தக் கார் ட்ரெய்லரில் ஏறி, டீலரின் யார்டில் இறங்கி, சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அங்கேயே நின்றாலும் கணக்கில் அது விற்ற கார்தான். மில்லிலிருந்து மூட்டை கிளம்பியதை வைத்து வீட்டில் சோறு வெந்ததாக எழுதிக்கொள்வது போன்ற கணக்கு இது. உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் மாதத்தின் நடுவில் வெளியிடும் தொகுப்பும் இந்த அனுப்பு எண்ணிக்கைதான்.

வாங்கியவர் பெயருக்கு ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை தனி. மத்திய அரசின் 'வாகன்' பதிவேட்டிலிருந்து அதை எடுத்து, டீலர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா மாதாமாதம் வெளியிடுகிறது. அதிலும் குறை உண்டு. தெலங்கானாவின் பதிவுகள் பல ஆண்டுகள் அதில் சேராமலே இருந்தன. இருந்தாலும் காரைக் காசு கொடுத்து ஒருவர் வாங்கினாரா என்று கேட்டால் பதில் சொல்வது இந்த எண்தான்.

இரண்டு எண்களும் ஒட்டி நடந்தால் கவலை இல்லை. 2024-ல் அவை வெகுதூரம் விலகிப்போயின. தேர்தல், கடும் வெயில், பிறகு மழை என்று ஷோரூமுக்கு ஆள் வருவது குறைந்தது. அனுப்புவது மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அந்த செப்டம்பரில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குப் போதுமான கார்கள் தேங்கியிருந்ததாக ஃபாடா சொன்னது. ஏறக்குறைய 7.9 லட்சம் வண்டிகள், மதிப்பு 79,000 கோடி ரூபாய். 21 நாள் கையிருப்பு போதும் என்பது டீலர்களின் நெடுநாள் கோரிக்கை.

டீலர் இந்த வண்டிகளைக் கைப்பணம் போட்டு எடுப்பதில்லை, வங்கிக் கடனில் எடுக்கிறார். பத்து லட்சம் ரூபாய் காருக்கு ஒன்பது சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 ரூபாய். எண்பது நாள் நின்றால் இருபதாயிரம். யார்டு வாடகையும் காவலாளி சம்பளமும் இதில் சேராது. இதற்கிடையே வண்டிக்கும் வயதாகிறது. பேட்டரி இறங்குகிறது, வெயிலில் வைப்பர் ரப்பர் காய்கிறது, பிரேக் டிஸ்கில் துரு படிகிறது. மாத இலக்கை எட்டினால்தான் கம்பெனியிடமிருந்து ஊக்கத்தொகை வரும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, முப்பதாம் தேதி போன் அடிக்காமல் என்ன செய்வார்? பொள்ளாச்சி நண்பர் அந்தப் போனைத் தாராளமாக எடுக்கலாம். எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள். ஆர்.சி.யில் அந்த மாதமும் வருடமும் ஏறிவிடும். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது சதவீதக் கணக்கு. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டு ஏற்றம், இறக்கம் சொல்வது வழக்கம். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தச் சதவீதங்களைப் படிக்கவே கூடாது என்பது என் கட்சி. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. அதனால் 2024 அக்டோபரில் கார் பதிவுகள் 32 சதவீதம் எகிறின. நவம்பரில் ஏறக்குறைய 14 சதவீதம் விழுந்தன. அக்டோபரில் 'கார் சந்தை பாய்ச்சல்' என்று எழுதிய பத்திரிகைகளே அடுத்த மாதம் 'கடும் சரிவு' என்று எழுதின. உண்மையில் பண்டிகைதான் நவம்பரிலிருந்து அக்டோபருக்கு நகர்ந்திருந்தது.

ஓணமும் இப்படித்தான் ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். கேரள டீலர்களின் வருட வியாபாரமே அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நம் ஊரில் ஆடி. புக்கிங் போடுவார்கள், அட்வான்ஸ் கட்டுவார்கள், நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். டெலிவரி மட்டும் ஆவணி பிறந்துதான். வடக்கே பித்ரு பட்ச நாட்களில் இதே தயக்கம். டிசம்பரில் வாங்கினால் ஆர்.சி.யில் ஒரு வருடம் பழசாகிவிடும் என்று ஜனவரிக்குக் காத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம்.

பஞ்சாங்கத்தில் இல்லாத காத்திருப்பும் ஒன்று நடந்தது. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் ஜி.எஸ்.டி. குறையும் என்று பிரதமர் அறிவித்தார். அன்றிலிருந்தே வாங்க நினைத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 22-ல் புதிய வரி அமலானது. நான்கு மீட்டருக்குள் நீளமும், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள சின்ன கார்களுக்கு, செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. சில மாடல்களின் விலை ஒரு லட்சத்துக்கும் மேல் இறங்கியது. அது நவராத்திரியின் முதல் நாள் வேறு. ஐந்து வாரம் தேங்கிய கூட்டம் மொத்தமாக வந்து ஷோரூமில் நின்றது. அந்த ஆகஸ்டை வைத்துச் சந்தை படுத்துவிட்டது என்பதும், அந்த அக்டோபரை வைத்துச் சந்தை பறக்கிறது என்பதும் ஒரே தவறுதான்.

அப்படியென்றால் உண்மையில் வளர்கிறதா? வருடக் கணக்கு நிதானமாகப் பேசுகிறது. 2018-19-ல் உள்நாட்டில் 33.8 லட்சமாக இருந்த பயணிகள் வாகன விற்பனை, கொரோனாவில் 27 லட்சத்துக்குப் போய், 2023-24-ல் 42 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் 43 லட்சம். வளர்ச்சி வெறும் 2 சதவீதம். அந்த 43 லட்சத்தில் நூற்றுக்கு 65 எஸ்யூவி, எம்.பி.வி. வகை. மக்கள் கூடுதலாகக் கார் வாங்கியதைவிடப் பெரிய காராக வாங்கியதுதான் அந்த வருடங்களின் கதை. முதல் கார் வாங்கும் குடும்பம் ஒதுங்கி நின்றது. வரிக்குறைப்பு அவர்களைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறதா என்பது பண்டிகை இல்லாத மாதங்களில்தான் தெரியும். அதைத்தான் நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனிகளின் வரிசையும் இந்த மாற்றத்தையே சொல்கிறது. 2018-19-ல் பாதிச் சந்தையை வைத்திருந்த மாருதி இப்போது நாற்பது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2024 காலண்டர் ஆண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். அந்த இடம் மாருதியை விட்டுப் போனது நாற்பது ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. சாண்ட்ரோ காலத்திலிருந்து இரண்டாம் இடத்தில் கால்மேல் கால் போட்டிருந்த ஹூண்டாய், 2025 ஏப்ரலில் மஹிந்திராவுக்கும் டாடாவுக்கும் பின்னால் நின்றது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறும் கார்களையும் சேர்த்தால் ஹூண்டாயின் நிலை வேறு. டொயோட்டாவின் எண்ணிக்கையிலோ மாருதி தயாரித்துக் கொடுக்கும் கிளான்ஸாவும் இருக்கிறது. பெயர்ப்பலகையை வைத்து எண்ணுவதா, தொழிற்சாலையை வைத்து எண்ணுவதா என்று எங்கள் ஆசிரியர் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இந்த இதழிலிருந்து விற்பனைப் பட்டியலில் இரண்டு பத்திகள் இருக்கும்: டீலருக்கு அனுப்பியது ஒன்று, ஆர்.டி.ஓ.வில் பதிவானது ஒன்று. ஏற்றுமதி தனியாக வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மூன்று மாதங்களையும் சேர்த்தே சதவீதம் போடுவோம். தீபாவளி எந்த மாதத்தில் விழுந்தாலும் கணக்கு ஆடாது. எழுத்து சற்றுப் பொடியாகத்தான் இருக்கும், மூத்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்மையில் கார் எடுத்தவர்கள், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் சாவி கைக்கு வந்த தேதியையும் ஊர்ப் பெயரோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்