பொய் சொன்னது பையனா, பேட்டரியா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பசியாறி முடிப்பதற்குள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் ஆறாம் படிவம் படிக்கிறான். கையில் ஒரு பழைய மடிக்கணினி. முதல் நாள் இரவு லயத்தில் மின்சாரம் நின்றுபோனதாம். பேட்டரியில்தான் இருக்கிறதே என்று பையன் இடுபணியை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். திரையின் மூலையில் 38 விழுக்காடு என்று காட்டியிருக்கிறது. அடுத்த நொடியே திரை இருண்டுவிட்டது. சேமித்து வைக்காத இரண்டு மணி நேர எழுத்தும் போயிற்று.

தகப்பனார் நம்பவில்லை. விளையாடியே பேட்டரியைத் தீர்த்துவிட்டுக் கதை கட்டுகிறான் என்று கை நீட்டிவிட்டார்.

"அண்ணே, இவன் பொய் சொல்றானா, இந்தப் பொட்டி பொய் சொல்லுதா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. கடையில புதுப் பேட்டரி போடணும்ங்கிறாங்க. அவங்க கேக்குறது என்னோட நாலு நாள் சம்பளம்" என்றார் அந்த அம்மா.

இது அவர் ஒருவரின் கேள்வியல்ல என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. புதிய விண்டோஸைத் தாங்காத பழைய மடிக்கணினிகளில் பலரும் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை ஏற்றிக்கொண்டார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய இயந்திரத்திலும் ஓடும். ஆனால் இயந்திரம் பழையதென்றால் அதன் பேட்டரியும் பழையதுதானே? பேட்டரிக் கணக்கு தப்பும்போது, "லினக்ஸ் போட்டதிலிருந்துதான் இப்படி" என்று பழி அங்கே போய் விழுகிறது. பெரும்பாலும் லினக்ஸ் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. கொடுத்த எண்ணை வாங்கித் திரையில் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

அப்படியானால் கணக்குப் போடுவது யார்? பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதைத் தோட்டத்து ஸ்டோர் கிராணியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படி அரிசி வந்தது, எத்தனை படி போனது என்று அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். தினமும் மூட்டையைத் திறந்து அளந்து பார்ப்பதில்லை. எலி தின்றதும் வழியில் சிந்தியதும் புத்தகத்தில் ஏறாது. மாதங்கள் போகப் போகப் புத்தகம் ஒன்று சொல்லும், மூட்டை வேறொன்று சொல்லும். அளந்து சரிபார்க்கும் நாளில்தான் உண்மை தெரியவரும்.

பேட்டரிக்கு அந்த நாள் எது என்றால், முழுதாக நிறையும் நேரமும், அடி வரை தீரும் நேரமும்தான். லித்தியம் பேட்டரியின் ஓர் அறை நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்டும். நடுவில் நெடுநேரம் 3.7 வோல்ட்டை ஒட்டியே மெதுவாக இறங்கும். தீரும் தறுவாயில் மடமடவென்று விழும். ஆகவே நடுவழியில் வோல்ட்டைப் பார்த்து மீதம் எவ்வளவு என்று சொல்வது கடினம். எந்நேரமும் சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கும் மடிக்கணினியில் அடியைத் தொடும் நாளே வருவதில்லை, கணக்கும் திருந்துவதில்லை.

பையனின் கணினியில் 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற செயலியைத் திறந்தோம். உங்கள் கணினியில் இல்லாவிட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, பேட்டரி புதிதாக வந்தபோது கொண்ட அளவு. மற்றொன்று, இப்போது நிறைந்தால் கொள்வதாகச் சில்லு நம்பும் அளவு. பையனுடையதில் முதலாவது 48 வாட்-மணி, இரண்டாவது 41. பழைய பேட்டரிக்கு இவ்வளவு நல்ல எண்ணா என்று எனக்கு அப்போதே ஐயம். 41-இல் 38 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 15. அந்தப் பதினைந்து புத்தகத்தில் மட்டுமே இருந்தது. கழித்தால் 26-தான் நிற்கிறது.

பிறகு சரிபார்க்கும் வேலையைத் தொடங்கினோம். கணினி தானே உறங்கும் அமைப்பை நிறுத்தினோம், இல்லாவிட்டால் நடுவில் தூங்கிப்போகும். நூறு வரை ஏற்றி, அதன்பின்னும் ஒரு மணி நேரம் சார்ஜரில் விட்டோம். சார்ஜரைக் கழற்றி, அதுவாக அணையும் வரை ஓடவிட்டோம். சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, இடையில் எடுக்காமல் மறுபடி நூறு வரை ஏற்றினோம். அந்த நேரத்தில் முக்கியமான எழுத்து வேலை எதையும் திறந்து வைக்கக் கூடாது. இரண்டு முறை இப்படிச் செய்தபின் 41 என்றிருந்த எண் 26-க்கு இறங்கியது. இப்போது விழுக்காடு படிப்படியாக ஐந்து வரை இறங்குகிறது, திடீரென்று அணைவதில்லை. ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது. பேட்டரி பாதி தேய்ந்ததுதான், ஆனால் உண்மையைச் சொல்கிறது. புதியது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அப்பாவிடம் காட்டச் சொன்னேன். அதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று அந்த அம்மாவிடமும் தனியாகச் சொன்னேன்.

இதை மாதந்தோறும் செய்யாதீர்கள். அடிவரை தீர்ப்பது லித்தியத்துக்கு நல்லதல்ல. கணக்கு தப்பியதாகத் தோன்றும்போது செய்தால் போதும். இரண்டு முறை செய்தும் முப்பது, நாற்பதில் பொட்டென்று அணைகிறதா? ஓர் அறை பலவீனப்பட்டிருக்கலாம். அதற்குப் புதுப் பேட்டரிதான் வழி. வாங்கும்போது கணினியின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். அதற்குக் காசு சேரும் வரை, யூபவர் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் எச்சரிக்கை விழுக்காடுகளை உயர்த்தி வைக்கலாம். அங்கே மூன்று எண்கள் இருக்கும். மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வர வேண்டும், மாறினால் அது உங்கள் எண்களை ஏற்காது.

80-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது என்று சிலர் பதறுவார்கள். பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமென்று யாரோ அங்கே வரம்பு வைத்திருக்கக்கூடும், அது பழுதல்ல. எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். உள்ளே மின்சாரத்தைக் கவனிக்கும் சில்லு சிக்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் விடுபடும். லினக்ஸைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 'சிஸ்' என்ற கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை', அதற்குள் பேட்டரியின் பெயரில் ஒரு கோப்புறை, அதில் 'கெப்பாசிட்டி' என்றொரு கோப்பு. அதிலுள்ள எண்ணும் திரை மூலை எண்ணும் ஒன்றானால் தவறு கீழே பேட்டரிப் பக்கம். வேறானால் மட்டுமே திரை நிரலின் மேல் பழி. அதற்குக் கணினியை ஒருமுறை அணைத்து ஏற்றினாலே பெரும்பாலும் போதும்.

கடைசியாக ஒன்று. மடிக்கணினியின் அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, தட்டச்சுப் பலகை மேலெழும்பியிருந்தாலோ இந்தச் சோதனை எதையும் செய்ய வேண்டாம். பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள், அது தீப்பிடிக்கக்கூடியது. சார்ஜரை எடுத்துவிட்டு, குத்தாமல் அழுத்தாமல், பிள்ளைகள் படுக்கும் அறையிலிருந்து முதலில் வெளியே கொண்டுபோங்கள். கடைக்காரர் கழற்றட்டும்.